தண்ணி பாட்டில் நிறையத்தான் இருந்தது

ரொம்ப நாளா ஆரம்பிச்சு ஆரம்பிச்சு பாதியில விட்டு, டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. ஒரு ஆம்பளைப் பையன் எழுதுற விஷயமாங்கிற தயக்கம் ஒண்ணு. அம்மா விஷயம்ங்கிறது இன்னொண்ணு. போன தடவை ஊருக்குப் போனப்ப அம்மாகிட்டயே நேரா கேட்டுட்டேன். "எழுதிக்கோ, எம் பேரை மட்டும் போட்டுடாத"ன்னாங்க. போடலை. ஊர் பேரும் வேணாம், பாகூர் கொம்யூன்ல ஏரித்தண்ணி பாயுற ஒரு ஊர்னு வெச்சுக்குங்க.

அக்காவைக் கட்டிக் குடுத்தது வில்லியனூர் பக்கம். வைகாசியில திருக்காமீஸ்வரர் கோயில் தேர்னா அங்க ஊரே அமர்க்களப்படும். பிரெஞ்சுக்காரன் காலத்துல கவர்னரே வந்து வடம் பிடிச்ச தேர், இப்பவும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறது வழக்கம். அக்கா வருஷா வருஷம் கூப்பிடும். அம்மா வருஷா வருஷம் ஏதாவது ஒரு காரணம் சொல்லுவாங்க. மாடு கன்னு போடப்போவுது, கால் வலிக்குது, வெயிலு... போன வருஷம் நான் விடலை. செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கியிருந்தேன், அந்தப் பெருமை வேற. வலுக்கட்டாயமா ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

பாகூர்லேர்ந்து கரிக்கலாம்பாக்கம் வழியா வில்லியனூர். ரோடு மோசமில்லை, ஆனா ஊருக்கு ஊர் வேகத்தடை. நடுவுல அம்மாவுக்கு இருமல் வேற. போய் இறங்குனா பின் சீட்டு நனைஞ்சிருக்கு. புது கார் (எனக்குப் புதுசு!), எனக்கு எரிச்சல். "பாட்டிலை ஒழுங்கா மூடக் கூடாதாம்மா?"ன்னு அக்கா மாமியார் முன்னாடியே கத்துனேன். அம்மா, "ஆமாண்டா, மூடி லூசா இருக்கு போல"ன்னுட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டாங்க.

சாயங்காலம் காரைத் துடைக்கிறப்ப அந்தப் பாட்டிலை எடுத்தேன். வாங்குன பாட்டில். சீல் கூடப் பிரிக்கலை. நிறையத்தான் இருந்தது.

அப்பவும் எனக்கு உடனே புரியலை, அதான் உண்மை. பத்து நாள் கழிச்சு அக்கா போன்ல சொன்னதுக்கப்புறம்தான் புரிஞ்சுது. ரெண்டாவது பிரசவம் முடிஞ்சு எட்டு மாசம், குழந்தையைத் தூக்குறப்ப, தும்முறப்ப எல்லாம் தனக்கு ஒண்ணுக்குக் கசியுதுன்னு அம்மாகிட்ட தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கு. அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உனக்குமாடி?"ன்னு கேட்டிருக்காங்க. அந்த 'உம்'மைத்தான் அக்கா எனக்குச் சொல்லுச்சு. அம்மாவுக்கு இது பதினஞ்சு வருஷத்துக்கு மேல.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா ஞாபகம் வர ஆரம்பிச்சுது. நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ் காலாப்பட்டு பக்கம். பட்டம் வாங்குற அன்னிக்கு அம்மா வரலை. பாகூர்லேர்ந்து ரெண்டு பஸ், அவ்வளவுதான். அப்பா மட்டும் வந்தாரு. வீட்டுல வந்து, "ஒரு நாள் மாட்டை விட்டுட்டு வர முடியாதா உன்னால?"ன்னு நான் கேட்டது இப்பவும் காதுல இருக்கு. திருப்பதிக்கு எல்லாரும் வேன்ல போனப்ப வரலை. கல்யாண வீட்டுல சாப்பிட்ட உடனே கிளம்பிடுவாங்க. வெளிய கிளம்புறதுன்னா காலையிலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. நூறு நாள் வேலைக்குக் கொஞ்ச நாள் போயிட்டு நின்னுட்டாங்க. ஆனா நடவுன்னா மட்டும் முதல் ஆளாப் போவாங்க. ஏன்னு அக்கா கேட்டதுக்குச் சொன்ன பதில் இது: "நடவு வயல்ல எல்லார் பொடவையும்தான் நனைஞ்சிருக்கும். யாருக்குத் தெரியும்? ஏரி வேலை காஞ்ச எடம்."

இதைக் கேட்டதுக்கப்புறம் ரெண்டு நாள் ஆபீஸ்ல வேலை ஓடலை. எங்க டீம்ல அந்த வாரம் பூரா ஒரு மெமரி லீக்கைத் தேடிக்கிட்டிருந்தோம். 'லீக்', 'லீக்'னு ஜோக்கடிச்சுக்கிட்டே இருந்தானுங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை.

நமக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் படிக்கிறது. படிச்சேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். (நான் டாக்டர் இல்லை மக்களே. உடம்புக்கு ஏதாவதுன்னா டாக்டரைப் பாருங்க, என் பதிவை இல்லை.)

இருமுறப்ப, தும்முறப்ப, சிரிக்கிறப்ப, கனம் தூக்குறப்ப கசியுறதுக்கு இங்கிலீஷ்ல 'ஸ்ட்ரெஸ் இன்கான்டினன்ஸ்'னு பேரு. இந்த 'ஸ்ட்ரெஸ்' மனசு சம்பந்தப்பட்ட ஸ்ட்ரெஸ் இல்லை, வயித்துக்குள்ள ஏறுற அழுத்தம். முதல்ல நான் அப்படித்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, "அம்மாவுக்கு என்ன டென்ஷன்?"னு யோசிச்சேன். அடக்க முடியாம அவசரமா வந்துடுறது வேற வகை, அதுக்குக் காரணமும் வைத்தியமும் வேற. ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

பொம்பளைங்களுக்குச் சிறுநீர்க் குழாய் நாலு சென்டிமீட்டர்தான் நீளம். அது அந்தரத்துல தொங்கலை. அடியில ஒரு தாங்கல் இருக்கு. பிறப்புறுப்பின் முன்சுவரும், அதை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சிருக்கிற இணைப்புத்திசுவும், அதுக்கும் கீழ இடுப்புத்தளத் தசையும். மிச்சிகன் பல்கலைக்கழகத்து டிலான்சி 1994ல இதை ஒரு தொங்கல் மாதிரின்னு விளக்குனாரு. நம்ம ஊர்ல சொல்லணும்னா தூளி. இருமுறப்ப அழுத்தம் மேலேர்ந்து வருது. தூளி விறைப்பா இருந்தா குழாய் அது மேல அழுந்தி மூடிக்கும். தூளி தொய்ஞ்சிருந்தா குழாயும் சேர்ந்து கீழ போகும், மூடாது. மோட்டார் கொட்டாயிலேர்ந்து வர்ற ஹோஸ் பைப்பை வரப்பு மேல வெச்சு மிதிச்சா தண்ணி நின்னுடும். அதையே சேத்துல வெச்சு மிதிச்சுப் பாருங்க, பைப்பு உள்ள போகுமே தவிர தண்ணி நிக்காது. மிதி ஒண்ணுதான், பைப்பும் ஒண்ணுதான், தரைதான் வேற.

அந்தத் தரை எதால ஆனது? பெரும்பாலும் கொலாஜன்.

இங்கதான் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. கொலாஜனோட வடிவத்தைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையில! சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறைக்கு 1952ல தலைவரா வந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். அவரும் கோபிநாத் கர்த்தாவும் சேர்ந்து 1954ல 'நேச்சர்' இதழ்ல எழுதுனாங்க, 1955ல அதைத் திருத்தி இன்னும் செம்மையா எழுதுனாங்க. எக்ஸ்ரே படம் எடுக்க அவங்களுக்கு நல்லா உதவுனது கங்காரு வாலோட தசைநாண், ஆஸ்திரேலியா சரக்கு. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்துலயே இருந்தது வசதியாப் போச்சு. தோல்னாலே கொலாஜன்தானே. அடையாறு சர்தார் படேல் ரோடுல அந்த போர்டை எத்தனை தடவை பஸ்லேர்ந்து பார்த்திருப்பேன், செருப்புக்கு ஆராய்ச்சி பண்றாங்க போலன்னு நினைச்சிருக்கேன் :-)

அவங்க கண்டுபிடிச்சது ஒரு முப்புரிக் கயிறு. மூணு சங்கிலி, ஒவ்வொண்ணும் இடப்பக்கமா முறுக்கியிருக்கு. மூணையும் சேர்த்து வலப்பக்கமா முறுக்கியிருக்கு. எங்க தாத்தா கயிறு திரிக்கிறப்ப இதையேதான் செய்வாரு. புரியை ஒரு பக்கம் முறுக்கி, சேர்க்கிறப்ப எதிர்ப்பக்கம் முறுக்கணும். ரெண்டும் ஒரே பக்கம்னா கையை விட்ட உடனே பிரிஞ்சுடும். சின்ன வயசுல, "ஏன் தாத்தா?"ன்னு கேட்டா, "அப்பத்தாண்டா நிக்கும்"பாரு. கயித்துக்கு நடுவுல இடம் ரொம்ப நெருக்கம், அதனால ஒவ்வொரு சங்கிலியிலயும் மூணாவது இடத்துக்கு மூணாவது இடம் இருக்கிறதுலயே சின்ன அமினோ அமிலமான கிளைசின் வந்தாகணும். வேற எதுவும் உள்ள நுழையாது.

இந்தக் கயிறுதான் நம்ம உடம்புப் புரதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. இதுல வகைகள் நிறைய. நம்ம கதைக்கு ரெண்டு போதும். முதல் வகை தடியான, பலமான தேர் வடம் மாதிரி. மூணாவது வகை மெல்லிசு, வளைஞ்சு குடுக்கிறது. ரெண்டும் ஒரு கலவையில இருக்கணும்.

கயித்தை ஒரு தடவை கட்டி வெச்சா ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்னு நான் நினைச்சிருந்தேன். இல்லை. உடம்பு இதைச் சதா பிரிச்சுக்கிட்டும் திரும்பத் திரிச்சுக்கிட்டும் இருக்கு. எடத்துக்கு எடம் வேகம் மட்டும் மாறும். தோல்ல இருக்கிற கொலாஜன்ல பாதி மாற பதினஞ்சு வருஷம்னும், மூட்டுக் குருத்தெலும்புல நூறு வருஷத்துக்கு மேலன்னும் 2000ல ஒரு கணக்குப் போட்டிருக்காங்க. திரிக்கிற ஆளு ஃபைப்ரோபிளாஸ்ட்னு ஒரு செல். பிரிக்கிற ஆளு எம்எம்பின்னு சுருக்கமாச் சொல்ற நொதிகள், மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ். நடுவுல துத்தநாகத்தை வெச்சுக்கிட்டு வெட்டுற கத்திரி. அந்தக் கத்திரியைக் கட்டுப்படுத்த டிம்ப்னு இன்னொரு கோஷ்டி. நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, கார்பேஜ் கலெக்டர். வேண்டாததை மட்டும் எடுத்தா நல்லது. அளவில்லாம ஓடி, பயன்பாட்டுல இருக்கிறதையும் எடுக்க ஆரம்பிச்சா? புரோகிராம் கிராஷ்.

கத்திரி கெட்ட பய இல்லைங்கிறதையும் சொல்லிடணும். குழந்தை வெளிய வரணும்னா கர்ப்பப்பை வாய் இளகணும், அதுக்குக் கொலாஜன் பிரிஞ்சாகணும். நான் பொறந்ததே அம்மாவோட கயிறுங்க தளர்ந்து குடுத்ததாலதான். (அரசு ஆஸ்பத்திரியில நாலு கிலோ எடை, சுகப்பிரசவம். இதை ஆயா பெருமையாச் சொல்லும். இப்ப அந்த நாலு கிலோ என்னை வேற மாதிரி உறுத்துது.) தளர்ந்தது திரும்ப எவ்வளவு நல்லாத் திரிஞ்சு சேருதுங்கிறதுதான் பிரச்சினை.

சரி, கசியுற பொம்பளைங்க உடம்புல கொலாஜன் உண்மையிலயே கம்மியா? ஸ்வீடன்ல உல்ஃப் உல்ம்ஸ்டென்னு ஒரு டாக்டர். அவர் குழு 1987ல, கசிவு இருக்கிறவங்க, இல்லாதவங்க ரெண்டு பேரோட தோலையும், கர்ப்பப்பையைப் பிடிச்சிருக்கிற ஒரு தசைநாரையும் எடுத்து அளந்து பார்த்தாங்க. கசிவு இருக்கிறவங்ககிட்ட கொலாஜன் 40 சதவீதம் கம்மி. இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்ட வார்த்தை 'தோல்'. பிரசவத்துல அடிபட்ட இடம் மட்டும்னா சரி, தோல்ல எப்படி? அப்ப அது உடம்பு முழுக்க உள்ள சுபாவம். 1994ல அதே குழு ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை வெளிய எடுத்து வளர்த்துப் பார்த்தாங்க. கசிவு உள்ளவங்களோட செல்லுங்க 30 சதவீதம் கம்மியாத்தான் கொலாஜன் செஞ்சுது. 2002ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு குழு மரபணுச் செய்தி அளவைப் பார்த்தப்ப கத்திரி கூடுதல், கத்திரிக்குக் கட்டுப்பாடு குறைவு.

ஆனா எல்லா ஆய்வும் ஒரே குரல்ல பேசலை. எந்த வகை கூடுது, எது குறையுதுங்கிறதுல முட்டல் மோதல் நிறைய. திசுவை எடுத்த இடம் வேற, வயசு வேற, மாதவிலக்கு நின்னவங்களா இல்லையாங்கிறது வேற. இன்னொரு கேள்வியும் இருக்கு. கத்திரி கூடுனதால தூளி தொய்ஞ்சுதா, இல்லை தூளி கிழிஞ்சதால அதை ரிப்பேர் பண்ண வந்த கத்திரியா? நெருப்பு பிடிச்ச எடத்துலயெல்லாம் தீயணைப்பு வண்டி நிக்கும், அதுக்காக வண்டிதான் பத்த வெச்சுதுன்னு சொல்ல முடியாதே. தோல்லயும் கம்மிங்கிற அந்த முதல் ஆய்வு இருக்கிறதால, ரெண்டும் சேர்ந்துதான்னு எனக்குத் தோணுது.

குடும்பத்துலயும் ஓடுது இது. 2004ல நார்வே கணக்குப்படி அம்மாவுக்குக் கசிவு இருந்தா மகளுக்கு வர்ற வாய்ப்பு 1.3 மடங்கு. பெரிய மடங்கு இல்லைதான், ஆனா "உனக்குமாடி?"ங்கிற கேள்விக்கு இது ஒரு பதில். பிரசவத்தைப் பத்தியும் அங்கயே 2003ல வந்த கணக்கு இருக்கு. பதினஞ்சாயிரம் பேருக்கு மேல கேட்டிருக்காங்க. ஏதாவது ஒரு வகைக் கசிவு, குழந்தை பெறாதவங்கள்ல 10.1 சதவீதம், சிசேரியன்ல 15.9, சுகப்பிரசவத்துல 21. இதைப் பார்த்துட்டு சிசேரியனுக்கு ஓடாதீங்க, அதுக்கு அதோட ஆபத்துங்க தனி. குழந்தையே பெறாதவங்கள்லயும் பத்துக்கு ஒருத்தர்ங்கிறதைக் கவனிங்க.

நம்ம நாட்டுக் கணக்கும் ஒண்ணு கெடைச்சுது. லக்னோவுல ஆஸ்பத்திரிக்கு வந்த 3000 பொம்பளைங்ககிட்ட கேட்டு 2013ல வெளியிட்டாங்க. 21.8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கசிவு, அதுல முக்கால்வாசி இந்த இருமல்-தும்மல் வகை. அஞ்சுல ஒருத்தர்! எங்க தெருவுல நடவுக்குப் போற செட்டு இருபது பேர். நாலு பேருக்காவது இருந்திருக்கணும். நாலு பேரும் பக்கத்துப் பக்கத்துல குனிஞ்சு நட்டுக்கிட்டு, தனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு...

எங்க ஊர்ப் பக்கம் பொம்பளைங்க உடம்பு எதெல்லாம் தாங்கியிருக்குன்னு ஒரு நிமிஷம் பாருங்க. நெல்லுக்கட்டைத் தலையில ஏத்தி வரப்புல நடக்கிறது, குடம் குடமாத் தண்ணி, பிள்ளை பெத்த கொஞ்ச நாள்லயே வயல்ல நிக்கிறது, வெறகு அடுப்புப் புகையில வருஷக்கணக்கா இருமல். ஒவ்வொரு இருமலும் தூளி மேல ஒரு மிதி. பாகூர் ஏரிக்குத் தண்ணி கொண்டு வர்ற பங்காரு வாய்க்காலை பங்காரி, சிங்காரின்னு ரெண்டு பொம்பளைங்க வெட்டுனதா எங்க பக்கம் கதை சொல்லுவாங்க. கதையோ நிஜமோ, மண்ணு சுமந்தது யாராயிருக்கும்னு எனக்குத் தெரியும்.

படிச்சு முடிச்சுட்டு அம்மாகிட்ட எப்படிப் பேசறது? நான் பேசலை. அக்காதான் பேசுச்சு, அக்காதான் கூட்டிக்கிட்டும் போச்சு. முதல்ல போன எடத்துல (பேர் வேணாம்) ஏறெடுத்தும் பார்க்காம, "வயசானா எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா"ன்னு சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. அம்மாவுக்கு அதுவே திருப்தி. "பாத்தியா, எல்லாருக்கும் இருக்கிறதுதானாம்." அக்கா விடலை. அடுத்த எடத்துல ஒரு லேடி டாக்டர் உட்கார வெச்சுக் கேட்டிருக்காங்க. எப்பப்ப, எவ்வளவு, அவசரமா வருதா, இருமினா வருதான்னு. சர்க்கரை பார்த்து, சிறுநீர்ல கிருமி இருக்கான்னு பார்த்து, இரும வெச்சுப் பார்த்திருக்காங்க. அவ்வளவுதான் பரிசோதனை. அப்புறம் இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து, பிசியோதெரபிஸ்ட் ஒருத்தங்ககிட்ட பயிற்சி.

பயிற்சி புதுசில்லை, 1948லயே அர்னால்டு கீகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னது. இடுப்புத்தளத் தசையை இறுக்கி, பிடிச்சு, விடணும். ஒரு தடவைக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூணு தடவை, குறைஞ்சது மூணு மாசம். எந்தத் தசைன்னு அம்மாவுக்குப் புரியலை. "நாலு பேர் நடுவுல காத்து வந்துடாம அடக்குவீங்கல்ல, அது"ன்னு அந்தப் பொண்ணு சொன்ன உடனே அம்மா சிரிச்சுட்டாங்களாம். அந்தச் சிரிப்புலயும் கசிஞ்சுதாம், அதுக்கும் சேர்த்துச் சிரிச்சாங்களாம். அக்கா சொல்றப்பவே எனக்குத் தொண்டை அடைச்சுது.

தசையை இறுக்குனா கொலாஜன் எப்படித் திரும்ப வரும்னு கேக்கலாம். கேட்டேன். தொய்ஞ்ச கயிறு தொய்ஞ்சதுதான், ஆனா கயித்துக்குக் கீழ இருக்கிற தசை பலமானா பாரத்தைப் பங்கு போட்டுக்கும். 2018ல வந்த காக்ரேன் தொகுப்புல, இந்த வகைக் கசிவு உள்ளவங்கள்ல பயிற்சி செஞ்சவங்க 56 சதவீதம் பேர் குணமாயிட்டதாச் சொல்லியிருக்காங்க, செய்யாதவங்கள்ல 6 சதவீதம். செலவே இல்லாத ஒரு விஷயத்துக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! இதுல ஒரு குறுக்கு வழியும் இருக்கு. இருமல் வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே, வர்றதுக்கு முன்னாடியே இறுக்கிக்கணும். டிலான்சி கோஷ்டியே 1998ல இதைச் சோதிச்சுப் பார்த்தது. கத்துக்கிட்ட ஒரே வாரத்துல கசிவு கணிசமாக் குறைஞ்சுது.

ஆபீஸ்ல ஒரு நண்பன்கிட்ட பொதுவாக் கேட்டப்ப (அம்மான்னு சொல்லலை), "கொலாஜன் பவுடர் வாங்கிக் குடுடா, என் வைஃப் முகத்துக்குச் சாப்பிடுறா"ன்னான். அந்தப் பவுடர் வயித்துக்குள்ள போனா துண்டு துண்டா ஜீரணமாயிடும். அது நேராப் போய் தூளியில ஒட்டிக்கிட்டு கசிவை நிறுத்தும்னு சொல்ல ஆதாரம் எதுவும் என் கண்ணுல படலை. கயிறு திரிக்க வைட்டமின் சி கட்டாயம் வேணும், அது இல்லாமதான் அந்தக் காலத்துக் கப்பல்காரங்க ஈறு வீங்கிச் செத்தாங்க. அதுக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும், அதுவும் கசிவுக்கு மருந்து இல்லை. ஹார்மோன் மாத்திரையும் அப்படித்தான். மாதவிலக்கு நின்னா கொலாஜன் குறையுதே, ஹார்மோனைக் குடுத்தா சரியாயிடுமேன்னு தோணும். 2005ல அமெரிக்காவுல வந்த பெரிய ஆய்வுல மாத்திரையா சாப்பிட்டவங்களுக்குக் கசிவு கூடத்தான் செஞ்சுது. உடம்பு நம்ம லாஜிக்படி நடக்கிறதில்லை.

ஆபரேஷனும் இருக்கு. 1987ல கொலாஜன் கம்மின்னு கண்டுபிடிச்ச அதே உல்ம்ஸ்டென் 1996ல ஒரு வழி சொன்னாரு. சொந்தக் கயிறு தாங்கலைன்னா, பாலிபுரோப்பிலீன் நாடாவைக் குழாய்க்கு அடியில கொடுத்துத் தாங்க வைக்கிறது. உலகம் முழுக்கப் பரவுச்சு, நிறைய பேருக்கு நல்லாவும் ஆச்சு. சிலருக்கு அந்த நாடாவே தீராத வலியா மாறி, பிரிட்டன்ல 2018 ஜூலையில அந்த ஆபரேஷனை நிறுத்தி வெச்சாங்க. அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகலைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

நாலு மாசத்துல பாதிக்கு மேல குறைஞ்சுதுன்னு அம்மா கணக்கு. முழுசா நிக்கலை. ஜலதோஷம் பிடிச்சா பழையபடிதான். சீரியல் விளம்பர இடைவேளையில பயிற்சி நடக்குது, அம்மா அதுக்கு வெச்ச பேரு 'அந்த வேலை'. அக்காவுக்குச் சின்ன வயசு, சீக்கிரமே சரியாயிடுச்சு. அக்கா இப்ப அவங்க ஊர்ல புதுசாப் பிள்ளை பெத்தவங்க வீட்டுக்குப் போனா குழந்தைக்குச் சட்டையோட இதையும் சொல்லிக் குடுத்துட்டு வருது. அந்தப் பக்கம் ராமநாதபுரத்துல ஜிப்மரோட கிராம சுகாதார மையம் இருக்கு, அங்க வர்ற நர்ஸ் அக்காங்ககிட்ட கூசாமக் கேளுங்கன்னு வேற சொல்லி அனுப்புதாம்.

இந்த வருஷம் வைகாசிக்கு அம்மாவே போன் பண்ணி, "தேருக்குப் போவலாமாடா?"ன்னு கேட்டாங்க. அதே கார், அதே ரோடு. கையில தண்ணி பாட்டில், வழியெல்லாம் குடிச்சுக்கிட்டே வந்தாங்க. பக்கத்து வீட்டு மாடு வேலி தாண்டுன கதையைச் சொல்லிக்கிட்டு வந்தவங்க, கரிக்கலாம்பாக்கத்துக்கு முன்னாடி திடீர்னு பேச்சை நிறுத்திட்டாங்க. என்னாச்சுன்னு கண்ணாடியில பார்த்தேன். முன்னாடி வேகத்தடை. வண்டி ஏறி இறங்குச்சு. "...அப்புறம் அந்த மாடு என்ன பண்ணுச்சுன்னா"ன்னு விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சாங்க.